கத்தரி சொந்தமாக இருக்கிறது

அக்டோபரில் ஒரு வாரம் லீவுக்கு எங்காவது போகலாம் என்று சொன்னது நான். என் முதல் சம்பளம். எங்கள் வீட்டில் காலேஜ் முடித்தவள் நான் ஒருத்திதான் என்பதால், ஃபாரம் என்று எது வந்தாலும் என் தலையில்தான் விழும். அறை பதிவு செய்யவும் நானே உட்கார்ந்தேன்.

ஊரைத் தேர்ந்தெடுத்தது அம்மா: அல்சாஸ், பிரான்சின் இன்னொரு மூலையில் வைனுக்குப் பேர்போன பக்கம். இருபத்தெட்டு வருடமாக அவளும் அப்பாவும் போஜோலேயில் ஒரே முதலாளியின் தோட்டத்தில் திராட்சைக் கொடி வெட்டி, கட்டி, பறித்து வருகிறார்கள். வைன் ருசி பார்க்க வரும் பாரிஸ்காரர்களுக்கு அம்மாதான் கிளாஸ் கழுவி வைப்பாள். அந்த மேஜையில் அவள் உட்கார்ந்ததே கிடையாது. உட்காரச் சொன்னவனும் கிடையாது. தன்னைத் தெரியாத ஓர் ஊரில், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, யாராவது ஊற்றித் தர ஒரு வாய் குடிக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது. இதற்கு ஐம்பத்து மூன்று வயது வரை காத்திருந்தாள் என்று நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் அறைகளின் படத்தைக் காட்டினால், அப்பா படத்தில் ஜன்னலுக்கு வெளியே தெரியும் கொடிகளைப் பார்ப்பார். ஒரு விடுதியை, வெட்டத் தெரியாதவன் கையில் தோட்டத்தைக் கொடுத்திருக்கிறார்கள் என்று தள்ளினார். இன்னொன்றில் கொடி சாய்ந்து நிற்கிறதாம், அங்கே படுத்தால் தூக்கம் வராதாம். குளியலறை இருக்கிறதா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

கடைசியில் மதாம் ஹெர்த்லிங் என்பவரின் தோட்டத்து வீடு தேறியது. ஃபாரத்தின் அடியில், உங்களைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்று ஒரு கட்டம். காலியாக விட்டுவிட்டுக் காபி போடப் போனேன். அதற்குள் அப்பா நிரப்பி அனுப்பிவிட்டார்: இருபத்தெட்டு வருட அனுபவம், கத்தரி சொந்தமாக இருக்கிறது.

அரை மணி நேரத்தில் மதாமே ஃபோன் செய்தார். அப்பா எடுத்தார். பின்பக்கச் சரிவில் இன்னும் பறிக்காத திராட்சை நிற்கிறதாம், ஆள் கிடைக்கவில்லையாம், வந்து பறித்தால் அறை இலவசமாம். ஒரு நிமிஷம் இருக்கச் சொல்லி ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டார். முகத்தில் கல்யாணக் களை.

"லீவுக்குப் போறோம்பா," என்றேன்.

"லீவுதான் கொராலி. நம்ம முதலாளி இல்லையே."

"வேற முதலாளி."

"ஒரு வாரம் சும்மா உக்காந்து என்னடி பண்றது? கை மரத்துப் போயிடும்."

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா எழுந்து வந்து ஃபோனை வாங்கினாள். முதலாளி வீட்டு விருந்தாளிகளிடம் பேசும் அதே பணிவான குரல்.

"மதாம், என் வீட்டுக்காரர் ரெஜிஸ் பறிக்க வருவார். நல்ல உழைப்பாளி, தாராளமா வச்சுக்குங்க. வேலையாளுங்க படுக்கிற கொட்டகையில அவருக்கு ஒரு கட்டில் போட்டுடுங்க. எனக்கும் பொண்ணுக்கும் பதிஞ்ச ரூம் அப்படியே இருக்கட்டும். காலைல ஒன்பது மணிக்கு முன்னாடி எங்களை எழுப்பிடாதீங்க."

 அப்பா, கொட்டகையில் எத்தனை பேர் படுப்பார்கள் என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். பதினான்கு என்றேன். எனக்கு என்ன தெரியும், வாயில் வந்த எண்.

மறுநாள் காலை அவரே மதாமைக் கூப்பிட்டு, முதுகு பிடித்துக்கொண்டது, பறிக்க முடியாது, மூன்று பேருமே அறையில் தங்கிக்கொள்கிறோம் என்றார். இருபத்தெட்டு வருடத்தில் வேலைக்கு வர முடியாது என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவும் இன்னும் சேராத வேலைக்கு.