பிற்பகலில் கரையைக் கடக்கும்

மய்யித்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தபோது, இறந்தவரின் போன் ரிஹானின் சட்டைப் பையில் மறுபடி அதிர்ந்தது. பிள்ளைச்சாவடியிலிருந்து யாரோ கேட்டிருந்தார்கள்: 'பாய், புயல் இப்ப எங்க நிக்குது?'

பாய் கூடத்தில் வெள்ளைத் துணிக்கு அடியில் இருந்தார். காலையில் மாடிக்குப் போய்க் காற்றைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தவர், டீயைக் கையில் வாங்கினார், குடிக்கவில்லை. அவ்வளவுதான்.

சாரம் கடைத்தெருவில் தையல் மிஷின் ரிப்பேர் பார்த்த ரிஹானின் தந்தை அக்பர் அலிக்கு வானிலைப் பைத்தியம். செயற்கைக்கோள் படங்களை உற்றுப் பார்த்து, எழுநூறு பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் தினமும் மழைக்கணக்கு போடுவார். போன வருஷம் அவர் பேச்சைக் கேட்டு எதிர்வீட்டு மார்ட்டின், மகள் கல்யாணப் பந்தலைப் பிரித்துவிட்டு மண்டபம் தேடி ஓடினார். அன்றைக்கு அடித்த வெயிலில் மண்டை பிளந்தது. அதிலிருந்து ரிஹானுக்கு ஒரே கிண்டல்தான். "அத்தா, நாளைக்கு மழைன்னு போடுங்க, துணி காயப்போடணும்" என்பான். அவரும் சிரித்துக்கொள்வார்.

கடைசியாக இன்று காலை ஏழு பத்துக்கு எழுதியிருந்தார்: 'வேகம் குறைஞ்சிடுச்சு. ராத்திரிக்கு முன்ன கரையத் தொடாது. அவசரம் வேணாம்.' டிவியோ, பிற்பகலில் கரையைக் கடக்கும் என்று விடாமல் அலறிக்கொண்டிருந்தது.

தங்கை இஃப்ஃபத் ஆம்பூரிலிருந்து காரில் வந்துகொண்டிருந்தாள். செஞ்சிக்கு முன்னால் போலீஸ் மறித்துச் சுற்றுவழியில் அனுப்பிவிட்டதாம். அடக்கம் செய்யும் கபர்ஸ்தானுக்குப் பெண்கள் போவதில்லை. அத்தா முகத்தை அவள் வீட்டில் பார்த்தால்தான் உண்டு.

"நாலு மணிக்குள்ள வந்துடுவேண்ணா. அத்தாவே ராத்திரிக்குத்தான்னு போட்டிருக்காரு இல்ல?"

வீடியோவில் காட்டட்டுமா என்று ரிஹான் கேட்டான்.

"போன்ல பாக்கறதுக்கா இவ்ளோ தூரம் வரேன்?"

ஜமாஅத்திலிருந்து வந்திருந்த ஸாகிப் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார். காற்று திரையைப் பிடித்து இழுத்தது. வெளிச்சம் மங்கிக்கொண்டே போனது.

"தம்பி, குழியில தண்ணி ஊறுது. ரெண்டு தடவ எறச்சாச்சு. மழ புடிச்சா மண்ணு சரிஞ்சிடும். மத்தியானம் ளுஹர் தொழுததும் தூக்கிடலாமா? நீதான் சொல்லணும்."

ரிஹான் உள்ளே பார்த்தான். அம்மா ஜஹபர் நிஷா திரையோரம் நின்றாள். பொண்ணு வரட்டுமே என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. அவன் கண்ணுக்குள் நீர் நிறைந்த குழியும், அதில் இறக்க முடியாமல் சந்தூக்குப் பெட்டியோடு மழையில் நிற்கிற ஆட்களும் வந்து போனார்கள்.

"தூக்கிடலாம்" என்றான்.

ஏறக்குறைய ஓடித்தான் போனார்கள். தோள் மாற்றிக்கொள்ள ஆளுக்கு நாலு எட்டுகூடக் கிடைக்கவில்லை. மூன்று பிடி மண் போடும்போதுகூட எல்லோருடைய கண்ணும் கிழக்கேதான் இருந்தது.

இரண்டே முக்காலுக்கு வீடு திரும்பியபோது காற்று நின்றிருந்தது. மேகம் லேசாகக் கலைந்து சுவரில் வெளிச்சம்கூட விழுந்தது. புயல் கடலிலேயே நகராமல் நிற்பதாகவும், கரையைக் கடக்க இரவாகும் என்றும் டிவியில் நிதானமாகச் சொன்னார்கள்.

ரிஹானுக்கு முதலில் வந்தது கோபம்தான். அத்தா சரியாகச் சொல்லித் தொலைத்திருக்கிறார். வாழ்நாளெல்லாம் நம்பாவிட்டாலும் இந்த ஒரு தடவை நம்பியிருக்கலாம் என்று பிறகுதான் தோன்றியது. பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுக்க அவனுக்குக் கை வரவில்லை.

நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது இஃப்ஃபத் வந்தாள். கூடத்தில் காலியாகக் கிடந்த கட்டிலைப் பார்த்தாள். தலைமாட்டில் உட்கார்ந்து, விரிப்பின் சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டாள். அம்மா வந்து அவளருகே உட்கார்ந்தாள்.

அங்கே நிற்க முடியாமல் ரிஹான் வாசலுக்கு வந்தான். அவள் சுவரில் சாய்த்துவிட்டுப் போன குடையை, வழியில் நனைந்திருக்கும், தண்ணீர் வடியட்டும் என்று விரித்து வைக்க எடுத்தான். குடை காய்ந்திருந்தது. அதைச் சுற்றியிருந்த நாடாவின் பட்டன்கூட அவிழ்க்கப்படவில்லை.