சிப்பந்திகளின் சாப்பாட்டுக்கூடம்

துர்கு நகரின் கப்பல் கட்டும் தளத்தில் துய்ரே ஹகாலாவுக்குக் கொடுத்திருந்த வேலை, பயணிகள் கண்ணில் படாத இடங்களை வரைவது. சமையலறை, சலவை அறை, சிப்பந்திகள் படுக்கும் அறைகள் எல்லாம் அவள் பொறுப்பு. நீச்சல் குளத்தையும் நாடக அரங்கையும் மற்றவர்கள் வரைந்தார்கள். அதில் அவளுக்குப் பொறாமை கிடையாது.

'மரியேலா' என்ற புதிய உல்லாசக் கப்பலை வரையத் தொடங்கும் முன், அதே முதலாளிகளின் பழைய கப்பல் ஒன்றில் அவளைக் கரீபியன் கடலுக்கு அனுப்பினார்கள். கப்பலில் இருக்கும் அத்தனை பேருக்கும் சாப்பாடு எப்படிப் போய்ச் சேருகிறது என்று பார்த்துவரச் சொன்னார்கள். அங்கே தட்டு கழுவிக்கொண்டிருந்தாள் ஹோண்டுராஸ்காரி நோல்வியா.

"நீங்கதான் கப்பல் வரையறவங்களா?" என்று கேட்டாள். "இந்தக் கப்பல் எங்க ரோஅதான் தீவுல நிக்கும் மேடம். மேல்தளத்துல நின்னா என் வீட்டுக் கூரை தெரியும். நான் இங்க தண்ணிக்குக் கீழ உக்காந்து தின்னுட்டிருப்பேன். கிளம்பினப்புறம்தான் ஊருக்கு வந்துட்டுப் போறோம்னே தெரியும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "அடுத்த கப்பல்லயாவது எங்களையும் ஆளுங்கன்னு நெனச்சு வரைங்க."

அந்தச் சிரிப்பு துய்ரேயைச் சுட்டது. தண்ணீருக்குக் கீழே இருந்த அந்தச் சாப்பாட்டுக்கூடத்தை வரைந்ததும் அவள் வேலை பார்த்த இதே கப்பல் கட்டும் தளம்தான்.

ஊர் திரும்பியதும் சிப்பந்திகளின் சாப்பாட்டுக்கூடத்தை நான்காம் தளத்தில், ஜன்னல்களோடு வரைந்து வைத்தாள். தலைமை வடிவமைப்பாளர் வெய்க்கோ காப்பிக் கோப்பையோடு வந்து வரைபடத்தைப் பார்த்தார்.

"கிறுக்கு பிடிச்சிருச்சா உனக்கு? அது வாசனைத் திரவியக் கடை வர்ற இடம்."

"தெரியும், வெய்க்கோ."

"தெரிஞ்சேவா? சரி, ஹால்வார் கிட்ட நீயே பேசிக்கோ. நான் வாயத் திறக்க மாட்டேன்."

முதலாளிகள் தரப்பில் வந்திருந்த நார்வேக்காரர் ஹால்வார் மோயென் கெட்டவர் அல்ல. ஆனால் கறாரானவர். "ஜன்னல் இருக்கிற இடம் விக்கிற இடம். சிப்பந்தி டிக்கெட் வாங்கிட்டா வர்றான்?"

"இல்லதான். ஆனா அவங்க வேலைய விட்டுட்டுப் பாதியில இறங்கிட்டா புது ஆளைத் தேடிப் பழக்கறது உங்க பாடுதானே?"

அவர் வரைபடத்தில் கடையின்மேல் விரலை வைத்தார். "கடை ஒரு சாண் குறையக் கூடாது. சமையலறை நகரக் கூடாது. அப்புறம் எங்க வேணா வெச்சுக்கோங்க" என்றார். இதோடு விட்டுவிடுவாள் என்று நினைத்திருப்பார்.

அவள் விடவில்லை. ஊர் நடுவே ஓடும் அவுரா ஆறு உறைந்து, பனிமேல் ஆட்கள் நடக்கத் தொடங்கியபோதும் அவள் வரைந்துகொண்டிருந்தாள். மாடிப்படியைத் திருப்பினாள், பொருந்தவில்லை. குளிர்சாதனக் குழாய்களை நகர்த்தினாள், அவை சமையலறையில் போய் முட்டின. ஒருநாள் பயணிகளின் பெட்டிகளை வைக்கும் அறைமேல் கண் நின்றது. நான்காம் தளத்தில், வெளிச்சுவரை ஒட்டிய பெரிய அறை. ஏறும் நாளிலும் இறங்கும் நாளிலும்தான் நிரம்பும். பெட்டிகளுக்கு எதற்கு வெளிச்சம்?

பெட்டிகளைக் கீழே தள்ளி, அவற்றுக்கென்று ஒரு லிஃப்டும் சேர்த்து, அந்த அறையைச் சாப்பாட்டுக்கூடமாக வரைந்தாள். ஹால்வார் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறை தேடி அலுத்துப்போய், "பிடிவாதக்காரிம்மா நீங்க" என்று கையெழுத்துப் போட்டார்.

மரியேலா கரீபியனில் பல வருஷம் ஓடியது. ஒரு புயலுக்குப் பிறகு, வீடிழந்த தீவு மக்கள் மாதக்கணக்கில் அதில் தங்கினார்கள். பிறகு கை மாறியது. புது முதலாளிகள் அதை மாற்றியமைக்கத் துர்குவுக்கே கொண்டுவந்தார்கள். ஜன்னல் வைத்த அந்தக் கூடத்தில் காசு வாங்கும் இறைச்சி உணவகம் வேண்டும் என்றார்கள். சிப்பந்திகளுக்குப் பழையபடி கீழே.

வெய்க்கோ அவள் மேசையருகே தயங்கி நின்றார். "உன்னால முடியலைன்னா வேற ஆள் கிட்டக் குடுத்துடறேன்."

"வேற ஆள் அவங்க சொன்னபடியே வரைஞ்சுட்டுப் போயிடுவான். இப்படிக் குடுங்க."

கூடத்தை அவர்கள் கேட்டபடியே உணவகமாக வரைந்து முடித்தாள். கூடவே, கப்பலின் பின்கோடியில் யாரும் எட்டிப்பார்க்காத சீட்டாட்ட அறையைச் சிப்பந்திகளுக்கென்று வரைந்து நீட்டினாள். இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை பாதி அறையைக் கொடுத்தார்கள். பழைய கூடத்தின் வரிசை ஜன்னல்கள் எங்கே, இந்தப் பாதி அறையின் இரண்டே இரண்டு எங்கே! அவளுக்கு மனசு ஆறவில்லை.

மாற்றியமைத்த கப்பலைக் கடலில் ஓட்டிப் பார்த்த சோதனை ஓட்டத்தன்று அந்த அறையில் போய், ஜன்னலோரம் சூப்போடு உட்கார்ந்தாள். எதிரே இயந்திர அறையில் வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் இளைஞன் ஒருவன் தட்டை வைத்தான். அவளை யாரென்று அவனுக்குத் தெரியாது.

"மேடம், கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன். மறைக்குது."

துய்ரே சூப்புக் கிண்ணத்தோடு நகர்ந்துகொண்டாள். அவன் கடலைப் பார்த்தபடி சாப்பிடத் தொடங்கினான்.