சாட்சிக் கையெழுத்து

அப்பாவின் கட்டிலில் கிடந்த ரப்பர் விரிப்பைச் பாப்பா சுருட்டிக்கொண்டிருந்தபோது வக்கீல் வந்தார். நேற்றுத்தான் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். ஐம்பத்திரண்டு வயதிலும் அந்த வீட்டில் அவள் பெயர் பாப்பாதான். வேறொரு பெயர் வைத்ததை அப்பாவே மறந்திருப்பார். ஒன்பது வருடம் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, புரட்டிப் படுக்கவைத்து, மிச்ச நேரத்தில் முன்னறையில் தையல் மிஷினை மிதித்தவள். அண்ணன் வருடத்துக்கு ஒரு தடவை வந்து, "நல்லாப் பாத்துக்கோ பாப்பா" என்று உபதேசம் பண்ணிவிட்டுப் போவான். அடக்கத்துக்கும் வந்தான், சாயங்கால வண்டிக்கே கிளம்பிவிட்டான்.

வக்கீல் உறையைப் பிரித்து அப்பாவின் உயிலை வாசித்தார். சவரம் பண்ண வருகிறவருக்கு ரேடியோ. 'என்னைப் பெற்றவள் போலப் பார்த்துக்கொண்ட என் மகளுக்கு' வீடு. மற்றதெல்லாம் மகனுக்கு. மற்றதெல்லாம் என்றால் கதவு மூடாத ஒரு பீரோவும் செயின் அறுந்த சைக்கிளும்தான்.

பாப்பா சுருட்டுவதை நிறுத்தினாள். தண்ணீர் சூடாயில்லை, தலையணை சரியில்லை என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசாத மனுஷன்!

கடைசிப் பக்கத்துக்கு வந்த வக்கீலின் முகம் மாறியது.

"இது யார் கையெழுத்தும்மா?"

"என்னோடதுதான் சார். சாட்சிக்கு ரெண்டு பேர் வேணும்னாரு. பக்கத்து வீட்டு கம்பவுண்டர் போட்டாரு. இன்னொருத்தர் மழையில வரல. 'நீயே போடு'ன்னாரு அப்பா."

"மேல என்ன எழுதியிருக்குன்னு படிக்கலியா?"

"எங்க விட்டாரு? பேப்பரை வெச்சு மூடிக்கிட்டாரு. கையெழுத்துப் போடற இடம் மட்டும்தான் தெரிஞ்சுது."

'எல்லாத்தையும் அண்ணனுக்குத்தானே எழுதறீங்க, இதுல மூடி வேற வைக்கணுமா?' என்று அன்றைக்கு எரிந்து விழுந்தாள். அப்பா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நக்கல் என்று நினைத்து இரண்டு நாள் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "சாட்சி போட்டவங்களுக்கு அந்த உயில்ல எதுவும் போகாதும்மா. உயில் செல்லும், உங்களுக்கு எழுதினது மட்டும் செல்லாது. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். தானே எழுதி ஒட்டி அனுப்பிட்டாரு."

"அப்ப வீடு?"

"மற்றதெல்லாம்ல சேந்துடும்."

அவள் விரிப்பை இன்னும் இறுக்கிச் சுருட்டினாள்.

"உயில்ல பேர் இருக்கற எல்லாருக்கும் பதிவுத் தபால்ல தெரிவிக்கணும். அந்தப் பொறுப்பையும் உங்களுக்குத்தான் எழுதியிருக்காரு."

"எனக்கு நானேவா?"

"ஆமாம்மா. வாங்கினதுக்கு அத்தாட்சியா ஒப்புகை அட்டை ஃபைல்ல இருக்கணும்."

மத்தியானம் அண்ணனுக்கு போன் போட்டாள். "வீட்டை உனக்குன்னா எழுதியிருந்தாரு?" என்று அவன் இரண்டு தடவை கேட்டான். அந்தக் கேள்வியில் அவளுக்கு ஒரு நப்பாசை வந்தது நிஜம்.

"ஐயோ பாவம் பாப்பா, சட்டமே அப்படின்னா நான் என்ன பண்றது? உன்னை இன்னைக்கே காலி பண்ணுன்னா சொல்றேன்? நிதானமா, மாசக் கடைசிக்குள்ள பாத்துக்கோ. சரி, அந்த லெட்டரை இன்னைக்கே அனுப்பிடறியா?"

நாசமாய்ப் போக என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, "சரிண்ணா" என்றாள்.

மிஷின் மேஜையிலேயே மூன்று கடிதங்களையும் எழுதினாள். அண்ணனுக்கு எழுதியதில் 'வீடு தங்களைச் சேரும்' என்ற வரியில் மட்டும் பேனா கொஞ்சம் அழுந்தியது. தபால் ஆபீஸ்காரர் மூன்றாவது உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அனுப்பறதும் நீங்க, வாங்கறதும் நீங்களா?"

"வீட்ல வேற யாரும் இல்ல."

இரண்டாம் நாள் தபால்காரர் வந்தார். ஒப்புகை அட்டையைக் கடிதக் கட்டின்மேல் வைத்து, விரித்த கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "இங்க ஒரு கையெழுத்து போடுங்கக்கா" என்றார். அடியில் கோடு மட்டும் தெரிந்தது.

"கையை எடுங்க."

"உங்க தபால்தான்க்கா. இதுல படிக்க என்ன இருக்கு?"

"இருக்கட்டும்."

மிஷின்மேல் கிடந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அட்டையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் முதல் வரியிலிருந்து படித்தாள். தபால்காரர் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினார். அவள் அட்டையைத் திருப்பிப் பின்பக்கமும் படித்தாள்.