வாசலில் ஆம்பளைச் செருப்பு

திங்கட்கிழமை காலை வேன் வந்தது, ஆனால் நிற்கவில்லை. தையல்காரி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனையில் நின்றிருக்க, பக்கவாட்டில் 'சமூக விவகார அமைச்சகம்' என்று எழுதிய அந்த வெள்ளை வேன் கண்டும் காணாதது போல் கடந்து போய் சிக்னலில் மாட்டிக்கொண்டது. விடுவாளா? ஒன்பது வயதுப் பெண்ணைச் சுமந்துகொண்டே ஓடிப்போய் டிரைவர் பக்கக் கண்ணாடியைத் தட்டினாள்.

"என்னண்ணே, பாத்துக்கிட்டே போறீங்க?"

டிரைவர் பாவம், நல்ல மனுஷர். தலையைச் சொறிந்தார். "உங்க வீட்டுக்கு இனிமே நிறுத்தக் கூடாதுன்னு சொல்லிட்டாங்கம்மா. வீட்ல ஆம்பளை இருக்காராமே. புள்ளையத் தூக்கிட்டுப் போக ஆள் இருந்தா வேன் கிடையாதாம்."

"எங்க வீட்லயா? ஆம்பளையா?"

பச்சை விழுந்துவிட்டது. பின்னால் நின்ற வண்டிகள் அத்தனையும் ஹாரன் அடித்தன. வேன் போய்விட்டது.

மகளுக்குப் பிறந்ததிலிருந்தே இடுப்புக்குக் கீழே பலம் இல்லை. அமைச்சகம் நடத்தும் பயிற்சி நிலையத்துக்கு அந்த வேனில்தான் தினமும் போய்வந்தாள். போன மாதம்தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாரும் தாங்காமல், முதல்முறையாகத் தானே நின்றாள். இனி விட்டுவிட்டு வரக் கூடாது, விட்டால் கால் மறுபடி இறுகிவிடும் என்று அங்கிருந்த பயிற்சியாளர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பஸ்ஸில் தூக்கிப் போகலாம் என்றால் பஸ் மாறிப் போக வேண்டும். தையல்காரி வேலை செய்யும் திரைச்சீலைப் பட்டறையிலோ நேரம் தவறினால் மிஷினில் வேறு ஆள் உட்கார்ந்துவிடுவாள். கட்டியவனைக் கேட்கலாம் என்றால், அவன் வெளியூர் வேலைக்கென்று போய், போன இடத்திலேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதையே விட்டுவிட்டவன்.

பிறகு யார் அந்த ஆம்பளை? வீட்டுக்குத் திரும்பி வாசலில் நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது. ஆம்பளை இல்லை, ஆம்பளைச் செருப்பு.

அந்தக் கட்டடத்தின் மேல்மாடியில் ஓர் ஒண்டிக்கட்டை இருந்தான். குடித்துவிட்டு வந்தால் எது தன் கதவு என்பது அவனுக்கு மறந்துவிடும். அதுவும் ஏனோ, தனியாக இருக்கும் பெண்களின் கதவாகப் பார்த்துத்தான் மறக்கும். ஒருமுறை அவள் கதவைப் போட்டு இடித்தான். கேள்விப்பட்ட மறுநாளே அவளுடைய அண்ணன் தன் பழைய தோல் செருப்போடு வந்து நின்றான். படகு மாதிரிச் செருப்பு. "இதை வாசல்ல போட்டு வை. உள்ள ஒரு தடியன் இருக்கான்னு நெனச்சுக்கட்டும்" என்றான். போட்டு வைத்தாள். சந்தேகம் வராமல் இருக்க அவ்வப்போது இடம் மாற்றி வைத்தாள். மழை நாளில் கொஞ்சம் தண்ணீர்கூடத் தெளித்து வைப்பாள். ஒண்டிக்கட்டை அதற்குப் பிறகு அவள் வாசலைப் பூனை மாதிரிக் கடந்தான். கட்டியவன் செய்யாத காவலை அந்தச் செருப்பு செய்தது.

போன வாரம் வீடு பார்க்க வந்தது பூதக்கண்ணாடி. உதவி வாங்குகிறவர்கள் வீட்டுக்கு நேரில் வந்து சோதிக்கும் அதிகாரி அவள். அந்தப் பட்டப்பெயர் தெருப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து வைத்தது. மணியை அடிப்பதற்கு முன் குனிந்து வாசலைத்தான் பார்த்தாள். "இது யாரோடது?" என்று செருப்பைக் காட்டிக் கேட்டபோது, ஒண்டிக்கட்டை மாடிப்படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். தையல்காரி என்ன செய்வாள்? "எங்க வீட்டுக்காரரோடது. உள்ள தூங்கறாரு" என்று கட்டடத்துக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள். உள்ளே அழைத்துப் போய்க் கதவைச் சாத்திய கையோடு, காதோடு காதாக உண்மையைச் சொன்னாள்.

"வெளிய ஒண்ணு, உள்ள ஒண்ணு. உங்கள மாதிரி எத்தனை பேரைப் பாத்திருப்பேன்" என்று பூதக்கண்ணாடி சிரித்தாள். குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். அங்கே யாரும் இல்லாததும் அவளுக்கு ஆதாரமாகத்தான் பட்டது. பின்வாசல் வழியாகப் போய்விட்டானாம். அந்த வீட்டுக்குப் பின்வாசலே கிடையாது.

அண்ணன் வேலை பார்த்தது அதே அமைச்சகத்தில்தான், வெளியீட்டுப் பிரிவில். செருப்பு அவனுடையது. அவன் வந்து ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது கதை. மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, பட்டறையில் கெஞ்சிக் கூத்தாடி அரை நாள் விடுப்பு வாங்கிக்கொண்டு தையல்காரி அமைச்சகத்துக்குப் போனாள்.

அண்ணன் தரையில் கால் படாமல் திரிந்தான். மறுநாள் அமைச்சகத்தின் ஆண்டு விழா. அமைச்சகம் பிறந்து வளர்ந்த கதையைக் கீழ்த்தளத்துக் கூடத்தில் கண்காட்சியாக வைத்திருந்தார்கள். பொறுப்பு முழுவதும் அவனிடம். மந்திரி வந்து திறக்கப் போகிறார். தங்கச்சி வாயைத் திறப்பதற்குள், "வா வா, நல்ல நேரத்துக்கு வந்தே" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனான்.

சுவர் நெடுக அமைச்சகத்தின் பழைய பெயர்ப்பலகைகள். போர் முடிந்து ஜனங்கள் பசியில் செத்துக்கொண்டிருந்தபோது, கைவிடப்பட்ட ஒரு குதிரை லாயத்தில் கஞ்சி ஊற்ற ஆரம்பித்தார்களாம். அதற்கு 'ஏழைகள் மேற்பார்வை வாரியம்' என்று பெயர். கஞ்சி ஊற்ற ஒருவர் என்றால் மேற்பார்வைக்கு நால்வராம். பிறகு 'நிவாரணத் துறை'. ஏழை என்ற சொல் கௌரவக் குறைச்சல் என்று ஒரு மந்திரிக்குத் தோன்ற, 'சமூக நலத்துறை'. நலம் என்றால் எல்லோரும் கையை நீட்டுகிறார்கள் என்று அடுத்தவருக்குத் தோன்ற, 'சமூக விவகார அமைச்சகம்'. நடுவே 'குடும்பம்' சேர்ந்தது, கழன்றது, மறுபடி சேர்ந்தது, மறுபடி கழன்றது. ஒவ்வொரு பலகையையும் அண்ணன் தானே துடைத்து மெருகேற்றி மாட்டியிருந்தான். குழந்தையைக் காட்டுகிற மாதிரிக் காட்டினான்.

"அண்ணே, வேன நிறுத்திட்டாங்க" என்றாள் அவள்.

"இரு, இரு, இதைப் பாரு. இதுதான் எல்லாத்துக்கும் மேல."

கூடத்தின் நடுவில் ஒரு வீடு கட்டி வைத்திருந்தார்கள். முன்பக்கச் சுவர் இல்லாத ஒற்றை அறை. ஒரு கட்டில், ஓர் அடுப்பு, கொடியில் ஒரு சேலை. வாசலில், கண்ணாடிப் பெட்டிக்குள், மிகப் பெரிய ஒரு ஜோடி ஆம்பளைச் செருப்பு. பக்கத்தில் பலகையில் அண்ணன் எழுதிய வாசகம். வாரியத்தின் ஆரம்ப காலத்தில் அதிகாரிகள் ஆதரவற்ற பெண்களின் வாசலில் ஆண் செருப்பு கிடக்கிறதா என்று பார்த்து, கிடந்தால் உதவியை நிறுத்திவிடுவார்கள்; இத்தகைய இழிவான சோதனைகள் இன்று வெறும் வரலாறு.

அவளுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது.

"இதை யாரு எழுதினது?"

"நான்தான். எப்படி இருக்கு?"

"வரலாறா? போன வாரம் என் வாசல்ல குனிஞ்சு பாத்துட்டுப் போனாளே, அதுக்குப் பேரு என்ன? உன் செருப்புதான் அது! நீ கொண்டாந்து போட்ட செருப்பு!" அவள் சொல்லச் சொல்ல அண்ணனின் முகத்தில் ஈயாடவில்லை. வீடு பார்க்கிற பிரிவு மேல்தளம், வெளியீட்டுப் பிரிவு கீழ்த்தளம். இத்தனை வருஷமும் மேலே என்ன நடக்கிறது என்று அவன் ஏறிப்போய்ப் பார்த்ததே இல்லை. பழைய காலத்தைப் பார்க்கவே அவனுக்கு நேரம் சரியாக இருந்தது.

"விழா முடியட்டும், பேசறேன்" என்று மென்று விழுங்கினான்.

"விழா முடியறவரைக்கும் புள்ளையோட காலு காத்துக்கிட்டு இருக்குமா? இப்ப வர்றியா இல்லையா?"

வந்தான். அந்த மட்டில் அவனைக் குறை சொல்ல முடியாது. மேல்தளத்துக்கு ஏறி, பூதக்கண்ணாடியின் மேசைக்கு முன்னால் நின்று, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, "அது என் செருப்புங்க. நான் இவளோட கூடப்பிறந்தவன். பாதுகாப்புக்குத்தான் போட்டு வச்சேன்" என்று தெளிவாகவே சொன்னான்.

பூதக்கண்ணாடி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். "அப்ப ஆம்பளை இருக்காருன்னு நான் எழுதினது சரிதானே?"

"நான் அங்க இருக்கலைங்க. எப்பவாவது வந்துட்டுப் போவேன்."

"விதியில இருக்கறது ஆண் துணை. புருஷன், அப்பா, அண்ணன், தம்பி, யாரா இருந்தா என்ன? பாதுகாப்புக்குச் செருப்பு குடுக்கத் தெரிஞ்சவருக்குப் புள்ளையத் தூக்கத் தெரியாதா? நம்ம ஆபீஸ்காரரா வேற இருக்கீங்க. நல்லதாப் போச்சு, இனிமே சந்தேகத்துக்கே இடமில்ல."

எழுதி முடித்து, கோப்பை மூடிவிட்டாள்.

தையல்காரிக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. உண்மையைச் சொல்லாததற்கு ஒரு தண்டனை, சொன்னதற்கு ஒரு தண்டனை! படியிறங்கும்போது, "நாளைக்குக் காலைல புள்ளையோட வர்றேன், நீயே தூக்கிட்டுப் போ" என்றாள். அவள் கோபத்தில் சொல்கிறாள் என்று அண்ணன் நினைத்துக்கொண்டான். "சரி சரி, பாத்துக்கலாம்" என்று சமாதானம் சொன்னான்.

மறுநாள் காலை அவள் சொன்னபடியே வந்தாள். ஆட்டோவிலிருந்து மகளை இறக்கி, வாசலில் கட்டியிருந்த நாடாவுக்கு அடியில் குனிந்து, தடுத்த காவலாளியை ஒரு முறை முறைத்துவிட்டு நேரே கூடத்துக்குள் போனாள். புதுக் கோட்டு போட்டுக்கொண்டு நின்ற அண்ணனின் கைகளில் மகளை வைத்தாள். "இந்தா. ஆண் துணை. பயிற்சி நேரத்துக்குள்ள கொண்டுபோய் விட்டுடு" என்றாள்.

"மாமா, கெட்டியாப் புடிச்சுக்கோங்க. நான் கனமா இருப்பேன்" என்றாள் மகள்.

அண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பூதக்கண்ணாடி உட்பட அமைச்சகமே அங்கே திரண்டு நின்றது. "இன்னிக்குப் போயா..." என்று அவன் தொடங்கும்போதே வெளியே கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. மந்திரி வந்துவிட்டார். அண்ணன் சுற்றிலும் பார்த்தான். நாற்காலிகள் எல்லாம் மேடைக்குப் போய்விட்டிருந்தன. விடுவிடுவென்று நடந்து, முன்சுவர் இல்லாத அந்தப் பொம்மை வீட்டுக்குள் ஏறி, கட்டிலில் மகளைப் படுக்க வைத்தான். "கொஞ்ச நேரம்டா குட்டி, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்கோல் தட்டை எடுக்க ஓடினான்.

தையல்காரி பார்த்துக்கொண்டே நின்றாள்.

நாடா வெட்டப்பட்டது. கைதட்டினார்கள். மந்திரி பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்து, வீட்டுக்கு முன்னால் நின்றார். கட்டிலில் கிடந்த பெண் கண்ணைச் சிமிட்டியதும் திடுக்கிட்டு, பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "அட, நிஜப் பிள்ளை! பிரமாதமான ஏற்பாடு. அந்தக் காலத்தையே கண்ணு முன்னால கொண்டாந்துட்டீங்களே!"

அண்ணன் அதை மறுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு லேசாகக் குனிந்தான்.

"அந்தக் காலம் இல்லைங்க" என்றாள் தையல்காரி. கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள். "அது எம் பொண்ணு. உங்க வேன்ல போய்க்கிட்டிருந்தவ. இப்ப நிறுத்திட்டாங்க."

மந்திரியின் சிரிப்பு பாதியில் நின்றது. "யாரு நிறுத்தினது? ஏன்?"

பூதக்கண்ணாடி முன்னால் வந்தாள். "அவங்களுக்கு ஆண் துணை இருக்குங்க ஐயா. விசாரிச்சுதான் எழுதியிருக்கு. இவரேதான், இந்தப் பொண்ணோட தாய்மாமன்."

எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன் கத்தரிக்கோல் தட்டைப் பார்த்தான்.

தையல்காரி மகளைக் கட்டிலிலிருந்து வாரி எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். பூதக்கண்ணாடியைப் பார்த்து, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"நானும் நம்பித்தான் அவரு கைல குடுத்தேன். ஒரு நாடா வெட்டற நேரம் தூக்கி வச்சிருக்க முடியல அவரால. நீங்கதான் கண்ணால பாத்தீங்களேம்மா, இப்ப எழுதிக்கோங்க. எங்க வீட்ல ஆம்பளை இல்ல."

வேன் மறுநாளே வந்தது. அண்ணன்தான் அதற்கப்புறம் வரவில்லை.