நுகத்தை எரித்தவர்

ஈரத்துணியால் தகப்பனார் கிளிமென்ட்டின் உதடுகளைத் துடைத்துக்கொண்டிருந்த எங்ராசியாவின் கை சட்டென்று நின்றது. அறைக்குக் கீழேயிருந்த தொழுவத்தில் குளம்புகள் நகர்ந்தன. தொழுவத்தில் மாடு கட்டிப் பல குளிர்காலங்கள் ஆகியிருந்தன. அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கிளிமென்ட்டின் மூச்சு, சேற்றில் இறங்கிய கலப்பையை ஒற்றை மாடு இழுப்பதுபோல் திணறியது. பாதிரியார் வந்து இறுதி எண்ணெய் பூசிய பின்னும் உயிர் பிரியவில்லை. “ஜுன்யீர்” என்ற ஒரு சொல்லையே அவர் முனகிக்கொண்டிருந்தார்.

“நுகத்தை எரிச்ச கையாச்சே, உசுரு எப்படிடி லேசுல போகும்?” என்றாள் அண்டைவீட்டு ரொமானா. ஆலைக்காரர் வீட்டு நுகத்தை இரவல் வாங்கித் அவர் தலையணைக்கடியில் வைத்தால் உயிர் சுலபமாகப் பிரியும் என்றாள்.

பள்ளத்தாக்கே அறிந்த பாவம் அது. கிளிமென்ட்டும் தம்பி கிர்சாவும் ஆளுக்கொரு மாடு வைத்திருந்து, அண்ணனின் மாட்டை இடப்புறமும் தம்பியின் மாட்டை வலப்புறமும் ஒரே நுகத்தில் பூட்டி உழுதவர்கள். வாய்க்கால் தகராறில் பேச்சு முறிந்த அன்று, கிளிமென்ட் நுகத்தைப் பிளந்து அடுப்பில் வைத்தார். சிறுமியாயிருந்த எங்ராசியாவும் அந்த நெருப்பில் குளிர்காய்ந்தாள்.

பாதிரியார் ரொமானாவைக் கடிந்துகொண்டார். பலகையோடு பலகையைச் சேர்ப்பதற்கு நம் கத்தலான் மொழியில் வேறு சொற்கள் உண்டு. இவர் முனகும் ஜுன்யீர் என்பது இரு கழுத்துகளை ஒரே மரத்தின்கீழ்ப் பூட்டுவது. பழைய லத்தீனில் நுகமும் இணைப்பும் ஒரே வேரில் பிறந்தவை என்றார். பிறகு எங்ராசியாவின் பக்கம் திரும்பி, தணிந்த குரலில், “மரம் மட்டும் இருந்தா ஆச்சா? கழுத்து ரெண்டு வேணுமேம்மா” என்றார்.

எங்ராசியா சால்வையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

கிர்சா தன் வீட்டில் ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தார்; நிமிரவில்லை.

“நுகம் கேட்டு வந்தியா? உங்கப்பன் குளிர்காஞ்சது போக மிச்சம் இல்ல.”

“நுகம் வேண்டாம் சித்தப்பா. நீங்க வாங்க.”

கத்தி வெகுநேரம் ரொட்டியிலேயே நின்றது. பிறகு அவர் தொப்பியைத் தேடினார்.

அண்ணன் வீட்டு வாசற்படியில் தயங்கி, “கீழ மாடு கட்டியிருக்கியா?” என்று கேட்டார்.

“இல்ல சித்தப்பா.”

அவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு மேலேறிச் சென்று, கட்டிலில் அண்ணனுக்கு வலப்புறம் படுத்து, கழுத்தோடு கழுத்தைச் சேர்த்துக்கொண்டார்.

“வந்துட்டேன். இழு.”

இரு மூச்சுகளும் சிறிது நேரம் முன்பின்னாக ஓடின. மெல்ல ஒரே நடைக்கு வந்தன. பின்பு ஒன்று மட்டும் கேட்டது. கீழேயும் ஓசை அடங்கியிருந்தது.

உயிர் வெளியே போகட்டுமென்று ரொமானா சன்னலைத் திறந்தாள். மாலையில், சவப்பெட்டிக்குச் சொல்லிவர கிர்சா தச்சர் வீட்டுக்குப் புறப்பட்டார். அகன்ற வண்டிப்பாதையில் வேறு எவரும் இல்லை. அவர் வலது ஓரத்து முட்செடிகளில் தோள் உரச, இடப்பக்கத்தை வெறுமையாக விட்டு நடந்துபோவதை எங்ராசியா பார்த்துக்கொண்டு நின்றாள்.