மாமரம் எதைத் தின்னும்?

அசரியா வாழ்க்கையில் சொன்ன பொய்களில் பெரியது, படிப்பில் தான் எப்போதும் ஃபர்ஸ்ட் என்றதுதான். அதையும் அவன் திட்டமிட்டுச் சொல்லவில்லை. மகள் கேசியா யு.கே.ஜி. போக மறுத்து அழுத ஒரு காலையில், "நைனா எல்லா கிளாஸ்லயும் ஃபர்ஸ்டு, நீ இன்னாடான்னா அழுதுக்கினு கீற" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தான். அழுகை அப்போதே நின்றுவிட்டது. பொய் மட்டும் நிற்காமல் அவளோடு சேர்ந்து வகுப்பு வகுப்பாக ஏறியது. அவள் ஆறாவதுக்கு வந்தபோது அவன் பத்தாவது வரைக்கும் ஃபர்ஸ்ட் ராங்க்கில் பாஸாகியிருந்தான்.

உண்மை என்னவென்றால், அவன் நாலாவதை இரண்டு முறை படித்தவன். மூன்றாம் முறை உட்காரப் பொறுமையில்லாமல் லாரியில் கிளீனராக ஏறிவிட்டான். இப்போது சொந்தமாக ஒரு மினி லாரி இருக்கிறது. மாம்பழ சீசனில் சித்தூரைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து பழக்கூழ் ஃபேக்டரிக்கு லோடு அடிக்கிறான். வண்டியின் முன் பம்பரில் இடது பக்கம் ஒரு பெரிய சொட்டை உண்டு. பதினோரு வருஷமாக அது அப்படியே இருக்கிறது. தட்டி எடுக்கச் சொல்லாத மெக்கானிக் இல்லை, அவன்தான் கேட்கவில்லை.

கேசியாவுக்கோ நைனா சொன்னால் வேதவாக்கு. கடல் ஏன் உப்பு என்று கேட்டால் "மீனுங்க வேர்வை" என்பான். இடி ஏன் இடிக்கிறது என்றால் "மேகம் சடன் பிரேக் போடுது" என்பான். யோசிக்கவே மாட்டான். யோசித்தால் ஃபர்ஸ்ட் ராங்க் என்ன ஆவது? மனைவி கிரேஸ் நிஜமாகவே பத்தாவது பாஸானவள். அவள் அடுப்படியிலிருந்து ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான்.

வினை ஜூலை மாத ஸ்லிப் டெஸ்ட்டில் வந்தது. செடி தனக்கு வேண்டிய உணவை எந்த பாகத்தில் தயாரிக்கிறது என்று ஒரு கேள்வி. கேசியா "வேர்" என்று எழுதினாள். முந்தின வாரம்தான் நைனாவைக் கேட்டிருந்தாள். "மாமரம் மண்ண துன்னுது, வேராலதான் துன்னும், அங்கயே சமைச்சுக்கும். இருபது வருசமா மாங்கா ஏத்திக்கினு கீறேன், எனுக்குத் தெரியாதா?" என்று அவன் அடித்துச் சொல்லியிருந்தான். சயின்ஸ் டீச்சர் பிரீத்தி மிஸ் அந்த விடையைச் சிவப்பு மையில் சுழித்து, சரியான விடையைப் பதினைந்து தடவை எழுதி வரச் சொன்னார். கேசியா எழுதவில்லை. மிஸ்தான் தப்பு, எங்க நைனா பத்தாவது வரைக்கும் ஃபர்ஸ்ட் என்று வகுப்பு முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். இரண்டு வாரமாக நோட்டு வெறுமையாகவே இருந்தது.

இந்தச் சண்டையை அவள் வீட்டில் சொல்லவில்லை. வேறொன்றைச் சொன்னாள்.

"நைனா, அடுத்த சனிக்கெழம பேரண்ட்ஸ் மீட்டிங். எங்க சப்ஜெக்ட்ல எல்லாம் பேரண்ட்ஸுக்கு க்விஸ் வெக்கிறாங்க. உம் பேரக் குட்த்துட்டேன்."

அசரியாவின் கையிலிருந்த தோசை பாதி வழியில் நின்றது.

"யாரக் கேட்டுக் குட்த்த?"

"யாரக் கேக்கணும்? நீதான் ஃபர்ஸ்டாச்சே."

அடுப்படியில் கிரேஸ் சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. பிறகு மகள் தூங்கியதும் வந்து, "நாலாவது ரெண்டு தபா படிச்சவருக்கு நாலாவது நல்லா தெரியுமில்ல, இன்னும் ரெண்டு கிளாஸ்தான் பாக்கி" என்றாள். அவனுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. போலீஸ் வண்டியை ஓரங்கட்டச் சொன்னால்கூட அவன் இப்படிப் பயந்ததில்லை. மகள் முன்னால் அசடு வழிவது என்பது அவன் பார்த்திராத செக்போஸ்ட்.

ஃபேக்டரி வாசலில் அப்போது வண்டிகள் நாள் கணக்கில் வரிசையில் நின்ற நேரம். மற்ற டிரைவர்கள் சீட்டாடினார்கள், கேபினில் படுத்துத் தூங்கினார்கள். அசரியா எடைமேடை அறைக்குப் போய் நின்றான். அங்கே கம்ப்யூட்டர் பார்க்கும் நளினி டிகிரி முடித்தவள், நகரி பக்கத்து ஊர்க்காரி. விஷயத்தைக் கேட்டதும் அவள் சிரிக்கவில்லை. பழைய ஆறாங்கிளாஸ் புத்தகங்களைத் தம்பியிடமிருந்து வாங்கி வந்துவிட்டாள். ஆந்திர அரசுப் புத்தகங்கள், இடது பக்கம் இங்கிலீஷ், வலது பக்கம் தெலுங்கு. கடை போர்டும் பர்மிட்டும் படித்துப் பழகிய தெலுங்கில் அவன் எழுத்துக்கூட்டிப் போனான்.

பெட்டிகளில் குறி போட அவன் டேஷ்போர்டில் எப்போதும் சாக்பீஸ் இருக்கும். நளினி அதை எடுத்து லாரியின் பக்கப் பலகையில் ஒரு வட்டம் போட்டு நாலாகப் பிரித்தாள். "முக்கால்னா இன்னாண்ணா?"

"முக்கா லோடு."

"அவ்ளோதான் பின்னம். முக்கா லோடுல பாதியப் பலமனேர்ல எறக்கிட்டா மீதி எவ்ளோ?"

அவன் ஒரு நொடியில் எட்டில் மூன்று என்றான். இத்தனை வருஷமாகச் செய்துகொண்டிருந்ததற்கு இப்படி ஒரு பெயர் இருப்பது தெரியாமல் போயிற்றே என்று கோபம்கூட வந்தது. நாலாம் வகுப்பு வாத்தியார் ஒரு தடவையாவது லோடு என்று சொல்லியிருந்தால் கதையே வேறு.

சமூக பாடம் வரிசையிலேயே நின்றுகொண்டிருந்தது. முன்னால் நின்ற சத்தீஸ்கர் வண்டியின் நம்பரைப் பார்த்து ராய்ப்பூர், பின்னால் நின்ற ஒடிசா வண்டிக்கு புவனேஸ்வர். பூமி தன்னைத்தானே சுற்றினால் ஒரு நாள், சூரியனைச் சுற்றினால் ஒரு வருஷம் என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை. வரிசையில் இருந்த டிரைவர் தனசேகர் எழுந்து வந்து டயரைத் தட்டினான். "இத்த பாரு. டயரு தானா சுத்துது. சுத்திக்கினே வண்டியோட போவுது. டயரு ஒரு சுத்து சுத்துனா ஒரு நாளு. வண்டி இந்த ஃபேக்டரி யார்டச் சுத்தி ஒரு ரவுண்டு வந்தா ஒரு வருசம்." அசரியாவுக்கு அது பிடிபட்டபோது உடம்பு சிலிர்த்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் டயரையே நினைத்துக்கொண்டு ஓட்டினான்.

புதன்கிழமை திருப்பதி மார்க்கெட்டுக்கு ஒரு லோடு போக வேண்டியிருந்தது. சந்திரகிரி கோட்டையைத் தாண்டும்போது, இங்கே ராஜாக்கள் தலைநகரம் வைத்து ஆண்டார்கள் என்று நளினி சொன்னது நினைவுக்கு வந்தது. வாரம் ஒருமுறை தாண்டிப் போகிற இடம். அதுவரை அவனுக்குச் சந்திரகிரி என்றால் டீ குடிக்க நிறுத்துவது.

லோடு இறக்கியதும் நேராக, அறிவியல் பாடங்களைப் பொம்மையும் படமுமாக வைத்திருக்கும் திருப்பதி சயின்ஸ் சென்டருக்குப் போனான். காக்கிச் சட்டையில் மாம்பால் கறையோடு, ஸ்கூல் பிள்ளைகளின் வரிசையில் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனான். ஒரு சுவரில் பெரிய மரப்படம் இருந்தது. செடியின் சமையலறை எது, பட்டனை அமுக்கவும் என்று தெலுங்கில் எழுதியிருந்தது. இது நமக்குத் தெரிந்ததுதானே என்று வேருக்கு நேராக இருந்த பட்டனை அமுக்கினான். சிவப்பு விளக்கு எரிந்து, கொர்ரென்று ஒரு சத்தம் வந்தது. மறுபடி அமுக்கினான். மறுபடி கொர்.

பின்னால் நின்ற ஒரு சின்னப் பெண் பொறுமை இழந்து, "அங்கிள், இலை" என்றாள்.

இலையை அமுக்கினால் மரம் முழுக்கப் பச்சையாக மின்னியது. கீழே எழுதியிருந்ததை அவன் மூன்று தடவை படித்தான். வேர் தண்ணீரும் உப்பும் மட்டும் உறிஞ்சி அனுப்புகிறது. சமைப்பது இலை. அடுப்பு வெயில். இருபது வருஷமாக மாமரத்தடியில் வண்டியை நிறுத்தியிருக்கிறான், தலைக்கு மேலே சமையல் நடந்தது தெரியவில்லை. அதைவிட, மகளிடம் அவ்வளவு அழுத்தமாகச் சொன்னோமே என்பதுதான் உறுத்தியது. வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான். போனான். அவன் க்விஸ்ஸுக்குப் போட வேண்டிய வெள்ளைச் சட்டைக்குக் கேசியா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை. வியாழனும் சொல்லவில்லை, வெள்ளியும் சொல்லவில்லை.

சனிக்கிழமை ஸ்கூல் ஷெட்டில் பெற்றோர் எட்டுப் பேர் மேடையில் நின்றார்கள். தப்பாகச் சொன்னால் இறங்கிவிட வேண்டும். தெலுங்கில் கேள்விகள் வந்தன. ஒரு டன்னில் முக்கால் பாகம் என்று டீச்சர் முடிப்பதற்குள் எழுநூற்றைம்பது கிலோ என்றான். சத்தீஸ்கருக்கு ராய்ப்பூர் என்றான். ஒரு நாள் எப்படி உண்டாகிறது என்ற கேள்விக்கு, கையை டயராகச் சுற்றிக் காட்டி அவன் சொன்ன பதிலுக்கு ஹெட்மாஸ்டரே கை தட்டினார். முன் வரிசையில் கேசியா பக்கத்துப் பெண்ணைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். இவனும், மெடிக்கல் ஷாப் மோகன்ராஜும். பிரீத்தி மிஸ் மைக்கை வாங்கினார். "முதலில் கை தூக்குகிறவர் சொல்லலாம். செடி தனக்கு வேண்டிய உணவை எந்த பாகத்தில் தயாரிக்கிறது?"

கேசியா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். அவள் மிஸ்ஸைப் பார்த்த பார்வையில், இப்ப எங்க நைனா சொல்லுவாரு பாருங்க என்று பச்சையாகத் தெரிந்தது. பிறகு அவனைப் பார்த்து, சத்தமில்லாமல் வாயை அசைத்தாள். வேரு. வேரு.

அசரியாவுக்கு அந்த க்ஷணத்தில் எல்லாம் விளங்கியது, ஏதோ டெஸ்ட்டில் அவள் அதையே எழுதி மிஸ்ஸோடு மல்லுக்கு நின்றிருப்பாள் என்பது உட்பட. மோகன்ராஜ் விட்டத்தைப் பார்த்து, "அது... ஃபோட்டோ... ஃபோட்டோ..." என்று முனகிக்கொண்டிருந்தான். அசரியா சும்மா நின்றால் போதும். மோகன்ராஜ் எப்படியும் சொல்லிவிடுவான். தோற்றாலும், கை தூக்க நேரமில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஃபர்ஸ்ட் ராங்க்குக்கு ஒரு குறையும் வராது. ஆனால் அந்தப் பெண் வேர் என்றே சொல்லிக்கொண்டு வளரும். யார் திருத்தினாலும் சண்டை போடும், அவனுக்காக.

அவன் கை தூக்கினான்.

"இலையில, மேடம்."

கைதட்டல் கிளம்பியது. கேசியாவின் வாய் வேரு என்ற நிலையிலேயே நின்றுபோயிருந்தது. அவன் மைக்கைக் கொடு என்பதுபோல் கையை நீட்டி வாங்கிக்கொண்டான்.

"எம் பொண்ணுக்கு வேருன்னு சொல்லிக் குட்த்தது நான்தான். தப்பு. அவ மேல தப்பில்ல. நான் நாலாவது வரைக்கும்தான் படிச்சேன், ஃபர்ஸ்டெல்லாம் வர்ல. இதெல்லாம் இந்தப் பத்து நாளா கத்துக்கினது."

பரிசாக ஒரு பிளாஸ்டிக் குடம் கொடுத்தார்கள். வீடு வரும்வரை கேசியா அந்தக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்துவந்தாள். லாரி கேபினில் கிரேஸ் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தாள்.

வீட்டில் கேசியா நோட்டும் பேனாவுமாக அவன் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"கடல் ஏன் உப்பு?"

"தெரியாதும்மா. மீனு வேர்வ இல்ல."

எழுதிக்கொண்டாள். "இடி?"

"அதுவும் தெரியாது. பிரேக்கு இல்ல."

இப்படிப் பதினேழு கேள்விகள். அத்தனைக்கும் அவன் தெரியாது என்றான். ஒவ்வொன்றும் சொல்லச் சொல்ல, பாரம் இறங்குகிற வண்டி மாதிரி அவனுக்கு லேசாகிக்கொண்டே வந்தது. அவளுக்குத்தான் முகம் வாடிக்கொண்டே போனது. கடைசியில் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து அவனிடம் நீட்டினாள்.

"பதினஞ்சு தபா எழுதணும். நீ சொல்லித்தான எழுதினேன்? எட்டு உனுக்கு, ஏழு எனுக்கு."

இருவரும் குனிந்து எழுதினார்கள். அவன் மூன்றாவது வரியில் இருக்கும்போது அவள் பேனா நின்றது.

"நைனா." குரல் சின்னதாகிவிட்டது. "நான் பொறந்துட்டேன்னு போன்ல சொன்னதும் சந்தோசத்துல பிரேக் போட மறந்துட்டு ஆஸ்பத்திரி கேட்டுல இடிச்சேன்னு சொல்லுவியே. அதுவும்..."

அசரியா எழுந்து அவள் கையைப் பிடித்து வண்டிக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனான். பம்பர் சொட்டைக்குள் அவள் விரலை வைத்தான். மடிப்புக்குள்ளே கேட்டின் பச்சைப் பெயிண்ட் ஒரு கீற்று இன்னும் இருந்தது. கேசியா அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். வாசலில் வந்து நின்ற தாயை நிமிர்ந்து பார்த்தாள்.

"நிஜந்தான்டி," என்றாள் கிரேஸ். "வாட்ச்மேன் வண்டி சாவியப் புடுங்கிக்கினு ஒரு மணி நேரம் இவர உள்ளயே உடல. உன்ன மொதல்ல பாத்தது நான், அப்பால நர்ஸு, அப்பால கேட்டு ஒடஞ்சுதுன்னு சொல்ல வந்த வாட்ச்மேன். இவரு நாலாவதுதான்."

கேசியா கேபினில் ஏறி டேஷ்போர்டிலிருந்து சாக்பீஸை எடுத்து வந்தாள். மண்டியிட்டு உட்கார்ந்து, சொட்டைக்குப் பக்கத்தில் பிரீத்தி மிஸ் போடுவதைப் போலவே பெரிதாக ஒரு டிக் போட்டாள்.