லாடம் கட்டிய வண்டி

நாராயணவனத்தில் எந்த டிராக்டர் நின்றுபோனாலும் முதலில் அதன் பக்கத்தில் போய் நிற்பவன் நான்தான். யாரும் கூப்பிட்டு அல்ல. மோகன்ராஜுக்கு, அதாவது எனக்கு, ஸ்டியரிங் வேலை தண்ணீர் பட்ட பாடு என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனும் நானே. நான் கை வைத்த வண்டிகளில் பாதி ஓடியிருக்கிறது. மீதிப் பாதியைக் கயிறு கட்டிப் புத்தூருக்கு இழுத்துக்கொண்டு போனார்கள் என்பதை நானாக எடுத்துச் சொல்வதில்லை.

என் மனைவி ஹரிதா வேறு ரகம். நகரியில் விசைத்தறி முன்னால் வருஷக்கணக்கில் நின்று அவளுக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டுவிட்டது. இனி உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் டாக்டர். சித்தூரில் மூடிப்போன ஒரு ரிசார்ட்டிலிருந்து புல் வெட்டும் வண்டி ஒன்றை அவளே போய்ப் பார்த்து வாங்கி வந்தாள். ஏறி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டே வெட்டுகிற சின்னச் சிவப்பு வண்டி. திருப்பதி ரோட்டில் உள்ள ஒரு தனியார் பள்ளியிலும் பேசிவிட்டாள். சனிக்கிழமை மைதானத்தில் வெட்டிக் காட்ட வேண்டும். ஓட்டம் நேராக இருந்தால் வருஷம் முழுக்க அவளுக்கே வேலை. இல்லையென்றால் திங்கட்கிழமை மறுபடியும் தறி. அதுவரைக்கும்தான் முதலாளி அவள் இடத்தை விட்டுவைத்திருந்தார்.

வண்டி வந்து இறங்கிய அன்றே அவள் எனக்குச் சொல்லிவிட்டாள்.

"எலுமிச்சம்பழம், கறுப்புக் கயிறு, ஒண்ணும் கட்டக்கூடாது. அடியில பிளேடு சுத்துது. பொட்டு மட்டும் வையுங்க."

நான் சரி என்றேன். ஆனால் எதிர்வீட்டுப் பொன்னியம்மாள் வந்து, "உக்காந்துக்கினே வேலையா! குடுத்து வெச்சவடி நீ" என்று ஒரு பார்வை பார்த்தாளே, அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியுமா? பழைய மாட்டு லாடம் ஒன்று பரணில் கிடந்தது. லாடத்தை மிஞ்சிய திருஷ்டிக் காப்பு கிடையாது. எந்த லாரியை வேண்டுமானாலும் பாருங்கள். ஹரிதா கண்ணில் படாமலிருக்க வண்டிக்கு அடியில், ஸ்டியரிங் தண்டு இறங்குகிற இடமாகப் பார்த்துக் கம்பியால் கட்டினேன். கட்டு அவ்வளவு இறுக்கமில்லை. அவள் வருகிற சத்தம் கேட்டது.

வியாழக்கிழமை ஊருக்கு வெளியே புறம்போக்கில் ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"லெஃப்டுல திருப்புனா புடிச்சிக்குது. அடியில இன்னான்னு கொஞ்சம் பாருங்க."

"அடியில பாக்கறதுக்கு இன்னா இருக்குது? இறுகிக்கினு இருக்கும். எறங்கு நீ."

ஏறி உட்கார்ந்து, சேற்றில் மாட்டிய டிராக்டரை ஒடிக்கிற மாதிரி ஸ்டியரிங்கை ஒரு இழுப்பு இழுத்தேன். அடியில் 'கடக்' என்றது. அதற்குப் பிறகு ஸ்டியரிங் வெண்ணெயாகச் சுற்றியது. "பாத்தியா?" என்று அவளைப் பார்த்துச் சொன்னேன். சுற்றியது ஸ்டியரிங் மட்டும்தான், சக்கரம் திரும்பவில்லை. நான் திரும்பிப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கும்போதே வண்டி நேராக வேலமர முள்ளுக்குள் போய் நின்றது.

அதோடு நான் அடங்கியிருக்க வேண்டும். வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து வைத்தியத்தை ஆரம்பித்தேன். முதலில் டயரில் காற்று குறைவு என்று சொல்லிக் காற்றடித்தேன். பிறகு கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் கிரீஸ் அப்பினேன். முன்சக்கரம் இரண்டையும் இணைக்கிற நீளக் கம்பி கொஞ்சம் வளைந்திருப்பதாக எனக்குத் தோன்றியது. சுத்தியலால் நிமிர்த்தினேன். அதற்கு முன் அது நேராகத்தான் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது, ஏனென்றால் நான் நிமிர்த்தி முடித்தபோது ஒரு சக்கரம் புத்தூரையும் இன்னொன்று நகரியையும் பார்த்துக்கொண்டிருந்தது. லாடம் மட்டும் கட்டாமல் விட்டிருந்தால் இன்னும் என்னென்ன ஆகியிருக்குமோ என்று மனதுக்குள் ஒரு ஆறுதல் வேறு.

ஹரிதா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். என் கையிலிருந்த சுத்தியலை வாங்கி ஓரமாக வைத்தாள்.

"நீங்க மேல உக்காந்து மெதுவா திருப்புங்க. எது அசையுது, எது அசையலைன்னு நான் கீழ பாக்கறேன்."

இவ்வளவு எளிய யோசனை எனக்கு ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். அவள் செல்போன் வெளிச்சத்தோடு கீழே படுத்தாள். நான் திருப்பினேன். பிறகு வண்டிக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்தது. கையில் லாடம்.

"இத்த யாரு கட்டுனது?"

"கண்ணு பட்டுடும்னு..."

"யாரு கண்ணு?"

நான் எதிர்வீட்டைக் காட்டினேன்.

"அந்தம்மாவுக்குப் பக்கத்துல போய் நின்னாத்தான் ஆளே தெரியும்" என்றாள்.

திட்டியிருந்தால் தேவலை. அவள் திட்டவில்லை. வெளியே வந்து உட்கார்ந்து முட்டிக்குக் கீழே காலைத் தடவிக்கொண்டாள். அப்போதுதான் நானும் குனிந்து அடியில் பார்த்தேன். ஸ்டியரிங் தண்டின் நுனியில் இருக்கிற சின்னப் பல்சக்கரம், அரைவட்டமான ஒரு பெரிய பல்சக்கரத்தைத் தள்ளித்தான் சக்கரங்களைத் திருப்புகிறது. அந்த இரண்டுக்கும் நடுவில் லாடம் போய்ச் சிக்கியிருக்கிறது. என் டிராக்டர் இழுப்பில் பெரிய சக்கரத்தின் நடுப்பற்கள் ஒடிந்துவிட்டன.

கழற்றிப் புத்தூருக்கு எடுத்துக்கொண்டு போனோம். லேத்துப் பட்டறை புருஷோத்தமன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"புதுசு வரணும்னா மெட்ராசுக்குச் சொல்லணும், ஒரு வாரம் ஆவும். ஒடஞ்ச எடத்துல வெல்டிங் வெச்சுக் குடுக்கறேன். பல்லு நீயே ராவிக்கோ. நீதான் பெரிய ஸ்டியரிங் டாக்டராச்சே."

வீட்டு வாசலில் உட்கார்ந்து ராவினேன். ஹரிதா நல்ல பல் ஒன்றின் மேல் அட்டையை வைத்து அதன் வடிவத்தை வெட்டிக் கொடுத்தாள். நான் அரத்தால் ராவ, அவள் அட்டையை வைத்துப் பார்த்து, "இன்னும்", "போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வளைத்த கம்பியையும் அவள்தான் கல்லில் வைத்துத் தட்டி, இரண்டு டயருக்கும் நூல் பிடித்து, ஓரளவு நேராக்கினாள். அவள் தண்ணீர் குடிக்க உள்ளே போன நேரத்தில் கை வேகத்தில் ஒரு பல்லைக் கூடுதலாக ராவிவிட்டேன். அதை அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையில் பள்ளி மைதானம். பி.டி. மாஸ்டர் ரமணா இடுப்பில் கை வைத்து நின்றார். ஹரிதா கோல் கம்பத்தில் கண்ணை நட்டு வண்டியை எடுத்தாள். போனாள், திரும்பினாள், வந்தாள். வெட்டின பட்டைகள் ஒன்றையொட்டி ஒன்றாக, தறியில் பாவு நூல் இழுத்த மாதிரி நேராக விழுந்தன. ரமணாவின் கை இடுப்பிலிருந்து இறங்கியது.

"சால பாகுந்தி அம்மா, ரொம்ப நல்லாருக்கு! திங்கட்கிழமையிலருந்து வந்துடுங்க. நடுவுல வண்டி ரிப்பேரானா யாரு பாப்பாங்க?"

"எங்க வீட்டுக்காரருதான் சார். நேத்து ஸ்டியரிங் வேலகூட அவருதான் பாத்தாரு."

எனக்கு இவ்வளவு போதாதா? ஸ்டியரிங் என்பது கைவாகு சார், பல் ராவுவதில் ஒரு கணக்கு இருக்கிறது சார் என்று ரமணாவை வெயிலில் நிற்க வைத்து ஒரு பிரசங்கமே செய்துவிட்டேன். பாவம், மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஹரிதா வண்டியை விட்டு இறங்கி நிழலில் போய் நின்றாள். வண்டியைக் கொண்டுவந்த மினி வேனில் ஏற்ற நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்று அதில் ஏறி உட்கார்ந்தேன்.

கிளப்பியதும் வண்டி இடது பக்கம் ஓடியது. வலது பக்கம் திருப்பினேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் இழுத்ததும் ஒரேயடியாக வலது பக்கம் பாய்ந்தது. நான் கூடுதலாக ராவின பல் அங்கே தன் வேலையைக் காட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தும் பத்தடிகூட நேராகப் போக முடியவில்லை. கொடிக்கம்பத்தை இடிக்காமல் நிறுத்தியதே பெரிது.

இந்த வண்டியில்தான் அவள் மைதானம் முழுக்க நேராகப் போயிருக்கிறாள். திரும்பிப் பார்த்தேன். நிழலில் நின்று, உள்ளங்கைகளை விரித்து ஊதிக்கொண்டிருந்தாள். இரண்டிலும் தோல் உரிந்து சிவந்திருந்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. உண்மையை ரமணாவிடம் சொல்லிவிடலாமென்று வாயைத் திறந்தேன். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். நான் யோக்கியனாவதற்காக அவள் வேலையைக் கெடுப்பதா?

கிட்டே வந்தாள். ரமணா காதில் விழாதபடி கேட்டாள்.

"பேசி முடிச்சாச்சா?"

தலையாட்டினேன்.

"எறங்குங்க. நான் ஏத்தறேன்."

இறங்கினேன்.